ரிஜிஸ்டர்ல இருக்கிற பேர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் யாருடைய பேரும் வராது. மறந்துபோய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கள் சந்தில் இருந்த பதினோரு பிள்ளைகளின் பேரும், அவர்களுடைய அப்பாக்களின் பேரும், கோடிவீட்டு நாயின் பேரும் எனக்கு இன்றைக்கும் தலைகீழ்ப் பாடம். ஆனாலும் சொல்ல மாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும். அதற்குள் என்னைத் திமிர் பிடித்தவள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு வயதிலிருந்தே கேட்டுப் பழகியதுதான்.

மதுரை தெற்குவாசல் பக்கம் எங்கள் சந்து. எதிரெதிரே இரண்டு சைக்கிள் வந்தால் ஒருவர் இறங்கித்தான் ஆக வேண்டும். ஒரு கோடியில் கார்ப்பரேஷன் குழாய், இன்னொரு கோடியில் தெருவிளக்குக் கம்பம், நடுவில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர்களின் மாடிவீடு. இது நடந்தது தொண்ணூறுகளின் நடுவில் ஒரு முழுப்பரீட்சை லீவில். வெயில் தாழ்ந்து பருத்திப்பால்காரரின் மணிச்சத்தம் சந்துக்குள் வந்ததென்றால், ஆட்டை ஆரம்பம் என்று அர்த்தம். கோலி, பம்பரம், பச்சைக்குதிரை எல்லாம் வந்து வந்து போகும். வருஷம் முழுக்க நின்று விளையாடியது ஐஸ் பாய்தான்.

தெரியாதவர்களுக்காக விதியைச் சொல்கிறேன். ஒருவர் விளக்குக் கம்பத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஐம்பது வரை எண்ண வேண்டும். மற்றவர்கள் ஒளிய வேண்டும். எண்ணியவர் தேடிப்போய், ஆளைப் பார்த்ததும் அந்த ஆளின் பேரைச் சேர்த்து "ஐஸ் பாய்!" என்று கத்தினால் அந்த ஆள் அவுட். முதலில் அவுட் ஆனவர் அடுத்த ஆட்டைக்கு எண்ண வேண்டும். ஆனால் பேரை மாற்றிச் சொல்லிவிட்டால் போச்சு. ஒளிந்திருந்தவர்கள் அத்தனை பேரும் வெளியே வந்து, "மண்பானை உடைஞ்சிருச்சு! மண்பானை உடைஞ்சிருச்சு!" என்று கூத்தாடுவார்கள். எண்ணியவர் திரும்பவும் கம்பத்துக்கே போக வேண்டும். ஆகக்கூடி இந்த ஆட்டத்தின் உயிர் பேரில் இருக்கிறது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பதினோரு பேரில் நான்தான் கடைசி. அதனால் நான் உப்புக்குச் சப்பாணி. சின்னப் பிள்ளை அழுதுகொண்டே வந்து ஆட்டைக்குச் சேர்க்கச் சொன்னால், சேர்க்காவிட்டால் அதனுடைய அம்மா வந்து வைவாள். சேர்த்தாலோ ஆட்டை கெட்டுப்போகும். இதற்கு நம் ஊர்ப் பிள்ளைகள் கண்டுபிடித்த தந்திரம்தான் சப்பாணி. கூடவே ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். ஆனால் அவுட் கிடையாது, எண்ண வேண்டியதில்லை, கணக்கிலேயே கிடையாது. ஒப்புக்கு என்பதுதான் உப்புக்கு என்று ஆகியிருக்கிறது என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அப்போது நான் அதை நிஜமான உப்பு என்றுதான் நம்பினேன். உப்பு இல்லாமல் சாப்பாடு உண்டா, நான் இல்லாமல் ஆட்டை உண்டா என்று ஒரு வருஷம் பெருமையாகவே திரிந்தேன். என்ன சொல்ல!

சப்பாணிக்கு ஒரு சௌகரியம் உண்டு. அவளை யாரும் பார்ப்பதில்லை. நான் எங்கே வேண்டுமானாலும் போவேன், எவர் பக்கத்திலும் போய் உட்கார்வேன். கொஞ்ச நாளிலேயே தொழில் பிடிபட்டுவிட்டது. எண்ணுகிறவரிடம் போய், "சாயக்காரக வீட்டு மாடியில ரெண்டு பேர்" என்று காதில் ஓதினால் ஒரு கடலை மிட்டாய். மாடிக்குப் போய், "அவுக மேல வாராக, ஓடுங்க" என்று சொன்னால் பாதி நெல்லிக்காய். இரண்டு பக்கமும் வாங்கித் தின்றேன். கூட இருந்து குழி பறிக்கிற வேலை என்று அக்கா திட்டினாள். அவளுக்குப் பொறாமை. சந்தில் எந்த ரகசியமும் என்னிடம் சும்மா கிடந்ததில்லை என்பதை மட்டும் இங்கே பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. ஆட்டை தொடங்கும்போது எல்லாரும் வட்டமாக நின்று "சாட் பூட் த்ரீ" போடுவோம். உள்ளங்கையைக் கவிழ்த்தவர், மலர்த்தியவர் என்று எண்ணிப் பார்த்துப் பிரிப்பார்கள். நானும் கையை நீட்டுவேன். பத்துக் கைகளையும் எண்ணுவார்கள். என் கையைத் தாண்டிப் போய்விடுவார்கள். தினமும் நீட்டினேன், தினமும் தாண்டினார்கள். எனக்கு அது ரொம்ப வலித்தது. எத்தனை கடலை மிட்டாய் தின்றாலும் அது வலித்தது. நான் அவுட் ஆக ஆசைப்பட்டேன். யாராவது என்னைத் தேட வேண்டும், கண்டுபிடிக்க வேண்டும், என் பேரைச் சொல்லிக் கத்த வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

சந்துக்கு ராஜா எதிர்வீட்டு அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். விதி சொல்வதும் அவர், தீர்ப்பு சொல்வதும் அவர். பையன்கள் அவரை "மாப்ள" என்பார்கள், பெண்பிள்ளைகளும் பொடியன்களும் "அண்ணே" என்போம். அவருடைய பெரிய கீர்த்தி என்னவென்றால், ஐஸ் பாயில் அவரை யாரும் கண்டுபிடித்ததே கிடையாது. எல்லாரும் அவுட் ஆகி, எண்ணியவர் தேடித் தேடிக் கால் வலித்து, "தோத்துட்டேண்ணே, வெளிய வாங்க" என்று கெஞ்சிய பிறகுதான், எங்கிருந்தோ சட்டையைத் தட்டிக்கொண்டு வருவார். எங்கே ஒளிந்தீர்கள் என்று கேட்டால் மேலே பார்த்துச் சிரிப்பார். பெரிய சித்தர் என்று நினைப்பு.

அந்த லீவின் முதல் வாரத்தில் ஒரு நாள், எனக்குத் தாகம் எடுத்து எதிர்வீட்டுக்குள் போனேன். வாசல் வராண்டாவில் அண்ணனின் தாத்தா சாய்வு நாற்காலியில் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார். ரயில்வேயில் ரிட்டையர் ஆனவர். எங்கள் பந்துகளில் ஏழு அவருடைய டிரங்குப் பெட்டிக்குள் இருந்தன. அவர் இருமினால் சந்து முழுக்க அமைதியாகிவிடும். நுனிக்காலில் அவரைத் தாண்டி உள்ளே போனால், அடுப்படியில் ஃபேனுக்குக் கீழே அண்ணன் மல்லாந்து படுத்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கிறார்! பக்கத்தில் டம்ளரில் காப்பி. வெளியே சந்தில் ஒரு அப்பாவி அவரைத் தேடி நாக்குத் தள்ள அலைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குள்ளே போய் ஒளிவது போங்கு, கள்ளாட்டம். பச்சைப் போங்கு. அவர் போட்ட விதிதான் அது.

அவருடைய அம்மாவை நான் அத்தை என்பேன். அத்தை என்னைப் பார்த்ததும் கையில் இரண்டு முறுக்கைத் திணித்து, "ஏ, வெளிய போய்ச் சொல்லிராத. தம்பிக்கு வெயிலு ஒத்துக்கிராதுடி" என்றாள். முறுக்கை வாங்கிக்கொண்டேன். அது வேறு விஷயம். ஆனால் மறுநாள் அண்ணனைத் தனியாகக் குழாயடியில் பிடித்தேன்.

"அண்ணே, நேத்து அடுப்படியில..."

"என்ன வேணும்? மிட்டாயா?"

"வேணாம். என்னைய ஆளாச் சேத்துக்கங்க. இல்லேன்னா எல்லார்ட்டயும் சொல்லிப்புடுவேன்."

தின்பண்டம் வேண்டாம் என்று நான் வாழ்க்கையில் சொன்னது அதுதான் முதல் தடவை. அண்ணனுடைய வலது கால் கட்டைவிரலில் நகம் பெயர்ந்து ஒரு பெரிய வெள்ளைத் துணிக்கட்டு. அதைத் தரையில் தட்டித் தட்டி யோசித்தார். பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"சரி, நீ ஆளு. ஆனா ஆளுன்னா ஆளு மாதிரி ஆடணும். எண்ணுறப்ப எல்லாரையும் பேர் சொல்லித்தேன் ஐஸ் போடணும். அண்ணே, அக்கா எல்லாம் செல்லாது. சம்மதமா?"

"சம்மதம்!" என்று குதித்தேன். முட்டாள்.

ஏன் முட்டாள் என்றால், எங்கள் வீட்டுச் சட்டம் அப்படி. அம்மா உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. வயதில் மூத்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாக்கு அழுகிப்போகும் என்பது அவள் எனக்குச் சோறோடு பிசைந்து ஊட்டிய பாடம். ஒரு தடவை அக்காவை வெறும் பேரால் கூப்பிட்டதற்கு என் தொடையில் விழுந்த கிள்ளு ஒரு வாரம் நீலமாக இருந்தது. அம்மாவும் சும்மா சொல்லவில்லை, தானும் அப்படித்தான். ரேஷன் கடையில் கார்டுக்கு யார் பேர் என்று கேட்டால், அவள் வாய் திறக்க மாட்டாள். என் முதுகில் இடிப்பாள். "சொல்லுடி." நான்தான் அப்பாவின் பேரைச் சத்தமாகச் சொல்வேன். அப்பா பேரை ரேஷன் கடையில் சொல்வதற்கு மட்டும் எனக்கு லைசென்ஸ் இருந்தது. சந்தில் இருந்த மற்ற பத்துப் பேரும் என்னைவிட மூத்தவர்கள். யாரை நான் பேர் சொல்வேன்?

அன்றைக்குச் சாயங்காலம் சாட் பூட் த்ரீயில் என் கையையும் எண்ணினார்கள். பதினொன்று! எனக்குப் புல்லரித்துப்போனது. ஓடிப்போய் எங்கள் வீட்டு வாசலில் இருந்த தண்ணீர்ப் பேரலுக்குப் பின்னால் ஒளிந்தேன். ஒரு நிமிஷத்தில் என் பேரைச் சொல்லி "ஐஸ் பாய்!" என்று ஒரு குரல் கத்தியது. நான் அவுட்! சந்தோஷத்தில் கை தட்டினேன். அவுட் ஆனதற்குக் கை தட்டிய ஒரே ஆள் நான்தான்.

அடுத்த ஆட்டைக்கு நான் எண்ண வேண்டும். ஐம்பது எண்ணித் திரும்பினேன். சாயக்காரர் வீட்டு மாடியில் காயப்போட்டிருந்த ஈரச் சேலைக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது.

"ஐஸ் பாய் அண்ணே!"

சேலையை விலக்கிக்கொண்டு ஒரு அண்ணன் வந்தார். படிக்கட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு அண்ணன் வந்தார். சாக்கடைச் சுவருக்குப் பின்னாலிருந்து மூன்றாவது அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"எந்த அண்ணே?"

"எங்கள்ல எந்த அண்ணே?"

"மண்பானை உடைஞ்சிருச்சு!"

அப்புறம் உடைந்ததுதான். சனி, ஞாயிறு, திங்கள் என்று தினமும் உடைந்தது. நான் உடைத்த பானைகளுக்கு மானாமதுரைக் குயவர்களே ஈடுகொடுத்திருக்க முடியாது. மூளையைக் கசக்கிப் பார்த்தேன். "ஐஸ் பாய் சோடாபுட்டி அண்ணே!" என்று கண்ணாடி போட்டவரைச் சொன்னேன். எதிர்வீட்டு அண்ணன் எங்கிருந்தோ குரல் கொடுத்தார், "பட்டப்பேரு செல்லாது!" "ஐஸ் பாய் குழாயடி வீட்டு அக்கா!" என்றேன். "அது அட்ரஸு, பேரு இல்ல!" பல்பத்தால் சிலேட்டில் பேரை எழுதிக்கொண்டுபோய் ஆளிடம் நீட்டிக் காட்டினேன். சந்தே கூடிப் பஞ்சாயத்து வைத்தது. அண்ணன் வெளியே வந்து தீர்ப்புச் சொன்னார்.

"எழுதிக் காட்டுறதுக்கு இது பரீட்சையா? வாயத் தொறந்து சொல்லணும். அதுவும் ஸ்கூல் ரிஜிஸ்டர்ல இருக்கிற பேரைச் சொல்லணும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். ஒரு ஆளையாவது பேர் சொல்லி ஐஸ் போடலேன்னா நீ பழையபடி சப்பாணிதேன். அப்பறம் வயசுக்கு வந்தாலும் சப்பாணிதேன்."

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. அக்கா, "பேசாம சப்பாணியாவே இருந்துட்டுப் போயேன். ஒனக்கென்ன, மிட்டாயாச்சும் கெடைக்கும்" என்றாள். அவளுக்கு எப்படிப் புரியும்? அவள் கையை யாரும் தாண்டிப் போனதில்லை.

முடிவு செய்தேன். பாவம் செய்வதென்று ஆகிவிட்டது, சில்லறைப் பாவம் எதற்கு? செய்தால் பெரியதாகச் செய்ய வேண்டும். சந்தில் யாருமே பேர் சொல்லி ஐஸ் போடாத ஆள் எதிர்வீட்டு அண்ணன். அவரைப் போட்டால்தான் என் மானம் திரும்பும். ஆனால் அவருடைய ரிஜிஸ்டர் பேர் என்ன? பையன்களுக்கு மாப்ள, எங்களுக்கு அண்ணே, அத்தைக்குத் தம்பி. கண்டுபிடிக்கப்படாத ஆளுக்கு ஆட்டையிலும் பேர் தேவைப்படவில்லை. ஆனால் அவர் படித்து முடித்த எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் என் அக்காவுக்கு வந்திருந்தன. அலமாரியைக் குடைந்தேன். காக்கி அட்டை, அதன் மேல் சிவப்புக் கோடு போட்ட லேபிள், அதில் மணி மணியான எழுத்தில் இனிஷியலோடு முழுப் பேர். நீளமான, பழைய காலத்துப் பேர். இந்தக் காலத்துப் பையனுக்கு இப்படி ஒரு பேரா என்று சிரிப்பு வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். ஏன் அப்படி ஒரு பேர் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஏழு வயதில் யார் யோசிக்கிறார்கள்?

ஒத்திகை பார்த்தேன். தண்ணீர் தீர்ந்துபோன பேரலுக்குள் தலையைவிட்டு அந்தப் பேரை மெதுவாகச் சொன்னேன். பேரல் அதைப் பெரிதாக்கித் திருப்பிச் சொன்னது. பயந்துபோய்த் தலையை இழுத்துக்கொண்டேன். அம்மா அடுப்படியிலிருந்து, "யாருடி அங்கன பேசுறது?" என்றாள். "பாடம் படிக்கிறேம்மா" என்றேன். முழுப்பரீட்சை லீவில் பாடம்! அவள் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் ஆறு தடவை சொன்னேன். சொல்லிவிட்டு அழுகிவிட்டதா என்று கண்ணாடியில் நாக்கைப் பார்த்தேன். ஆத்தீ! நாக்கு முழுக்கக் கருநீலம். ஓவென்று அழுதுகொண்டே கொல்லைக்கு ஓடி வாய் கொப்பளித்தேன், உப்பு வைத்துத் தேய்த்தேன், எங்கள் தெருப் பிள்ளையாருக்கு மூன்று தோப்புக்கரணம் கடனாக எழுதிவைத்தேன். பிறகுதான் சற்று முன்னால் தின்ற திராட்சை ஐஸ் ஞாபகம் வந்தது. கடனைப் பிள்ளையார் தள்ளுபடி செய்திருப்பார் என்று நம்புகிறேன், நான் கட்டவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. செய்தி பரவி மற்ற தெருப் பிள்ளைகள்கூட வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நான் கம்பத்தில் முகத்தைப் புதைத்து எண்ணினேன். நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது, ஐம்பது. திரும்பினேன். வழியில் தெரிந்தவர்களை எல்லாம் விட்டுவிட்டேன். பேரலுக்குப் பின்னால் அக்காவின் பாவாடை தெரிந்தது, அதையும் பார்க்காத மாதிரி தாண்டினேன். எனக்கு வேண்டியது ஒரே ஆள்.

அடுப்படிக்குள் இனி அவர் போக முடியாது, அந்த ரகசியம் என் கையில் இருந்தது. அப்படியானால் வேறு எங்கே? எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றேன். வராண்டாவில் வழக்கம்போலத் தாத்தா, சாய்வு நாற்காலி, முகத்தில் பேப்பர். நாற்காலித் துணி தாத்தாவின் கனத்தில் தொட்டிலாகத் தொங்கியது. வேட்டி தரைவரை இறங்கிக்கிடந்தது. அந்த வேட்டிக்குக் கீழே, தாத்தாவின் இரண்டு காலோடு மூன்றாவதாக ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் கட்டைவிரலில் ஒரு பெரிய வெள்ளைத் துணிக்கட்டு.

கில்லாடிதான். சந்தில் எந்தப் பிள்ளையும் நெருங்காத ஒரே இடம் தாத்தாவின் நாற்காலிக்கு அடி.

பிள்ளைகள் ஒளிந்த இடத்தைவிட்டு ஒவ்வொருவராக வெளியே வந்து என் பின்னால் நின்றார்கள். மனதில் அம்மாவின் முகம் வந்தது, தொடைக்கிள்ளு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, பேரலுக்குள் சொன்னதைவிடப் பத்து மடங்கு சத்தமாக, ரிஜிஸ்டரில் இருக்கிற அந்த முழுப் பேரை ஒரு எழுத்து விடாமல் கத்தினேன். பயத்தில் வாய் அதோடு நிற்கவில்லை.

"ஐஸ் பாய்! ஒளிஞ்சது போதும், வெளிய வாடா!"

பேப்பர் கீழே விழுந்தது. தாத்தா எழுந்து உட்கார்ந்தார். உள்ளே அடுப்படியில் ஒரு பாத்திரம் 'ணங்' என்று விழுந்து உருண்டது.

"எவடி அவ?" என்றார் தாத்தா. "அறுவத்தெட்டு வயசுல... எம் பேரைச் சொல்லி... வாடாவா? நான் எங்கடி ஒளிஞ்சேன்? காலையிலருந்து இங்கனதான உக்காந்திருக்கேன்!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அது தாத்தாவின் பேர். தாத்தா பேரைப் பேரனுக்கு வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அது அவ்வளவு பழைய பேர்.

தாத்தா கைத்தடியைத் தேடிக் குனிந்தார். குனிந்தவருக்கு நாற்காலிக்கு அடியில் இன்னொரு முகம் தெரிந்தது. "அய்யோ!" என்று அவர் துள்ள, நாற்காலி சரிய, அண்ணன் நாலுகாலில் வெளியே பாய்ந்தார். நான் நட்ட கல்லாக நின்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நொண்டி நொண்டி ஓடினார்.

"அவுட்டு! நான் அவுட்டு! ஒத்துக்கிறேன்! ஓடுடி!"

சந்து முழுக்கக் கேட்டது. ராஜா தன் வாயாலேயே சொன்னது. அந்த ஓட்டத்திலும், பின்னால் கைத்தடி தட்டிக்கொண்டு வந்த பயத்திலும், நான் சிரித்தேன்.

சிரிப்பு அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை. தாத்தா எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஒங்க புள்ளைக்கு என்ன வளர்ப்பு வளத்திருக்கீக?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டுப் போனார். அம்மா கதவைச் சாத்தினாள். விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்தாள். முதுகில் இரண்டு விழுந்தது. மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது கதவைத் தட்டிக்கொண்டு எதிர்வீட்டு அத்தை உள்ளே வந்தாள்.

"மதினி, அடிக்காதீக. பச்சப்புள்ள. விடுங்க."

"இம்புட்டு வாய் இருக்குற கழுதைய அடிக்காம என்ன செய்யச் சொல்றீக? ஒங்க மாமனாரு மொகத்துல நான் எப்பிடி முழிக்கிறது?"

"அவர நான் பாத்துக்கிறேன். நீங்க போய்க் காப்பி போடுங்க, எனக்கும் சேத்து."

அம்மா முனகிக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அத்தை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முந்தானையால் என் மூக்கைத் துடைத்தாள். அவளும் திட்டப்போகிறாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவளுடைய தோள் குலுங்கியது. அழுகிறாளா என்று பார்த்தால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்தாள்.

"இன்னொருக்கா சொல்லு."

"என்னத்தை?"

"அந்தப் பேரை. மெதுவாச் சொல்லு."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முதுகு எரிந்தது. ஆனாலும் மெதுவாகச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"எம் புள்ளை பேரு" என்றாள். "மாமனார் பேருன்னு நான் அந்த வீட்டுக்கு வந்த நாளுலருந்து வாயால சொன்னதில்ல. அதையே புள்ளைக்கும் வச்சுட்டாக. தொட்டில்ல போட்டுப் பேர் வச்சப்பக்கூட மூணு தடவ காதுல சொன்னது எங்க நாத்தனாருதேன். கோயில்ல அர்ச்சனைக்கு நிக்கிறப்ப, நட்சத்திரத்த மட்டும் நான் சொல்லுவேன். பேரு கேட்டா அவன இடிப்பேன், அவனே சொல்லிக்கிருவான். பதிமூணு வருசமாத் தம்பி, தம்பின்னே கூப்புட்டுக் கெடக்கேன்."

எனக்கு ரேஷன் கடையும் என் முதுகில் விழும் அம்மாவின் இடியும் ஞாபகம் வந்தன. ஒரு பேரைச் சொல்ல முடியாமல் ஒரு வாரம் நான் பட்ட பாடும் ஞாபகம் வந்தது. இந்த அத்தை பதிமூன்று வருஷமாகப் பானை உடைத்துக்கொண்டிருக்கிறாளே என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொன்னேன்.

"பேரலுக்குள்ள தலைய விட்டுச் சொல்லலாம் அத்தை. யாருக்கும் கேக்காது. நான் அப்பிடித்தேன் பழகுனேன்."

அத்தை என்னைப் பார்த்தாள். இப்போது சிரிக்கவில்லை. என் தலையைத் தன் பக்கம் இழுத்து, இரண்டு கையாலும் என் காதை ஒரு குழிபோல மூடிக்கொண்டு, அதற்குள் அந்தப் பேரைச் சொன்னாள். முதலில் பாதிதான் வந்தது. மூச்சை இழுத்துவிட்டு முழுவதும் சொன்னாள். இனிஷியல் கிடையாது, 'வாடா' கிடையாது. அதே பேர்தான். ஆனால் நான் கத்தியபோது அது அவ்வளவு நல்ல பேராக இல்லை.

அடுப்படியில் டம்ளர் சத்தம் கேட்டது. அத்தை சட்டென்று எழுந்து கொண்டையைச் சரிசெய்தாள். இடுப்பில் செருகியிருந்த காகிதப் பொட்டலத்தை என் மடியில் வைத்தாள். "முறுக்கு. யார்ட்டயும் சொல்லிராத, என்ன?"

சொல்லவில்லை. இரண்டு பக்கமும் மிட்டாய் வாங்கித் தின்ற நான், அதை மட்டும் யாரிடமும் விற்கவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. இத்தனை வருஷம் கழித்து இப்போது சொல்லும்போதும் அந்தப் பேரை எழுதக் கை வரவில்லை. அந்தப் பேரை எழுதாமல் மற்றவர்கள் பேரை மட்டும் எழுதுவது போங்கு என்பதால் எல்லாரையும் விட்டுவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் சாட் பூட் த்ரீயில் என் கை பதினொன்றாவதாக இருந்தது. எண்ணிவிட்டுப் போனார்கள். முந்தின நாள் அவுட் ஆன எதிர்வீட்டு அண்ணன் முதல்முறையாகக் கம்பத்தில் முகத்தைப் புதைத்து எண்ணினார். நான் பேரலுக்குப் பின்னால் பதுங்கினேன். அவர் முப்பதைத் தாண்டும்போது அத்தை வாசலுக்கு வந்தாள்.

"தம்பி, காப்பி ஆறுது" என்றாள். அப்போது என்னைப் பார்த்துவிட்டாள். அந்தப் பேரைச் சொல்வதுபோல அவள் உதடு லேசாக அசைந்தது, சத்தம் வரவில்லை.

நான் வாயில் விரலை வைத்துக் காட்டினேன்.